குடியைக் குறைக்க யாரிடம் போவது? கோச், கவுன்சலர், ஏ.ஏ., மருத்துவமனை: பெங்களூருத் தமிழர்களுக்கு ஓர் ஒப்பீடு

வெள்ளிக்கிழமை மட்டும் என்று தொடங்கியது இப்போது புதன்கிழமைக்கும் வந்துவிட்டது. வேலை போகவில்லை, வீட்டில் பெரிய சண்டை இல்லை, கடனும் இல்லை. ஆனாலும் இது சரியில்லை என்று உள்ளுக்குள் தெரிகிறது. வைட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் இப்படி ஒரு நிலையில் இருப்பவர்கள் ஏராளம். தன்னைக் குடிநோயாளி என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு மனம் வருவதில்லை. மருத்துவமனைக்குப் போகும் அளவுக்கு என்ன நடந்துவிட்டது என்றும் தோன்றுகிறது. இவர்களைக் குறிவைத்தே அண்மைக் காலத்தில் புதிதாக ஒரு சேவை வந்திருக்கிறது. குடியோடு உள்ள உறவைத் திரும்பிப் பார்க்கக் கூடவே இருந்து உதவுகிற 'கோச்'. வாரம் ஒரு வீடியோ அழைப்பு, இடையில் வாட்ஸ்அப் செய்திகள், மூன்று மாதத் தொகுப்பு என்று அது விற்கப்படுகிறது.

அந்தப் பணத்தைக் கட்டலாமா, அல்லது தமிழில் கவுன்சலிங், குடியை விட விரும்புவோர் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம், நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் வெளிநோயாளி பிரிவு என்று வேறு வழியில் போகலாமா என்பதுதான் கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோச்சிடம் போவதில் தவறில்லை, சிலருக்கு அதுவே சரியான இடம். ஆனால் அது இரண்டாவது படி. உங்கள் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் படி. அதைத் தாண்டிக் குதித்தால் பணம் போவது மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து வரலாம்.

அந்த முதல் படிக்குச் செலவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' என்ற வினாத்தாளில் பத்தே கேள்விகள். மொத்த மதிப்பெண் 40. எட்டுக்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு. எட்டு முதல் 15 வரை எளிய அறிவுரையே போதுமான கட்டம். 16 முதல் 19 வரை முறையான ஆலோசனையும் தொடர்ந்த கண்காணிப்பும் தேவை. 20 அல்லது அதற்கு மேல் வந்தால் சார்புநிலை, அதாவது குடிக்கு அடிமையான நிலை, இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். பெண்களுக்கும் 65 வயது தாண்டியவர்களுக்கும் எல்லையை எட்டுக்குப் பதில் ஏழாக வைக்கலாம் என்று அதன் கையேடே சொல்கிறது.

நம் ஆட்கள் தடுமாறும் இடம் மூன்றாவது கேள்வி. ஒரே அமர்வில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட 'டிரிங்க்' எத்தனை முறை என்று அது கேட்கிறது. "நான் மூன்று பெக் தாண்டுவதே இல்லை" என்று நினைத்துக்கொண்டு 'ஒருபோதும் இல்லை' என்று குறித்துவிடுவார்கள். கணக்கைப் பாருங்கள். அந்த வினாத்தாளின்படி ஒரு டிரிங்க் என்பது சுமார் 10 கிராம் ஆல்கஹால். 42.8 சதவீத விஸ்கியோ பிராந்தியோ 30 மில்லி குடித்தால் அந்தப் பத்து கிராம் வந்துவிடுகிறது. பாரில் ஊற்றும் லார்ஜ் பெக் 60 மில்லி. ஆக மூன்று பெக் என்பது 180 மில்லி, அதாவது ஒரு குவார்ட்டர், அதாவது ஆறு டிரிங்க். கர்நாடகக் கடைகளில் கிடைக்கும் 90 மில்லி டெட்ரா பாக்கெட் ஒன்றில் மூன்று. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் நான்கு. "பீர்தானே" என்று இரண்டு பாட்டில் முடிப்பவர், பிராந்தி குடிக்கும் பக்கத்து நாற்காலிக்காரரின் குவார்ட்டரைத் தாண்டிவிட்டார். பெக்கை மில்லியாக மாற்றிய பிறகு வினாத்தாளை இன்னொரு முறை நிரப்புங்கள். பலருக்கு மதிப்பெண் நான்கைந்து கூடிவிடும்.

மதிப்பெண்ணைவிட முக்கியமான ஒன்று உண்டு. காலையில் கை நடுங்குகிறதா? ஒரு நாள் குடிக்காவிட்டால் வியர்த்துக்கொட்டி, தூக்கம் போய், நெஞ்சு படபடக்கிறதா? ஒரு வாய் உள்ளே போனதும் அது அடங்குகிறதா? அப்படியானால் இந்த ஒப்பீட்டில் உங்களுக்குத் தேர்வு என்று ஒன்றும் இல்லை, முதலில் மருத்துவமனை. தினமும் அதிகமாகக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால், ஆறு முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரிந்து, காய்ச்சலும் படபடப்புமாக உயிருக்கே ஆபத்தான நிலைக்குச் சிலர் போய்விடுவார்கள். மருத்துவக் கண்காணிப்பில் சில நாள் மாத்திரையும் தயமின் ஊசியும் கொடுத்தால் பெரும்பாலும் இதைத் தவிர்த்துவிடலாம். எவ்வளவு நல்ல கோச்சாக இருந்தாலும் வீடியோ அழைப்பில் இதைச் செய்ய முடியாது.

நடுக்கம் இல்லாதவர்களுக்குத்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. அதில் கோச் எங்கே நிற்கிறார் என்று பார்ப்போம்.

கோச் செய்வது மருத்துவம் அல்ல, கணக்கெடுப்பு. முதல் வாரம் பெரும்பாலும் ஒரு குறிப்பேட்டோடு போகும். 'வியாழன், இரவு 9.40, அமெரிக்கக் குழுவோடு அழைப்பு முடிந்த பிறகு, தனியாக, 120 மில்லி, அதற்கு முன் மதியத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.' இப்படிப் பத்து வரி சேர்ந்தாலே, குடிப்பதற்குக் காரணம் நண்பர்கள் அல்ல, வெறும் வயிறும் இரவு அழைப்பும்தான் என்று தெரிந்துவிடும். பிறகு அதை உடைக்கும் வேலை. ஏழரை மணிக்கே சாப்பிட்டுவிடுவது, அழைப்பு முடிந்ததும் மாடியில் நடப்பது, டீம் பார்ட்டியில் மற்றவர்கள் ஆர்டர் சொல்வதற்கு முன்பே லைம் சோடா சொல்லிவிடுவது. சிறிய விஷயங்கள்தான். ஆனால் வாராவாரம் ஒருவர் கேட்பார் என்பதற்காகவே மனிதன் செய்கிறான். கோச்சின் மதிப்பு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அடியோடு விட வேண்டும் என்று முதல் நாளே கட்டாயப்படுத்தாமல் குறைப்பதையும் ஓர் இலக்காக ஏற்றுக்கொள்வதால், மருத்துவமனை வாசலை மிதிக்கவே மாட்டேன் என்பவர்களும் இங்கே வருகிறார்கள். அது சிறிய நன்மை அல்ல. 2019ல் மத்திய அரசு வெளியிட்ட, எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு வகை உதவி கிடைத்திருக்கிறது. முற்றிய பிறகே இந்தக் கதி. முற்றுவதற்கு முன்பே ஒருவர் பேச முன்வந்தால் அந்த வாசலை அடைக்கக் கூடாது.

டாக்டரும் அல்ல, உளவியலாளரும் அல்ல, இவர் பேசி என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்கலாம். கோவாவில் நடந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் ஆடிட் மதிப்பெண் 12 முதல் 19 வரை இருந்த 377 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பகுதியினருக்கு அதோடு ஒன்று முதல் நான்கு அமர்வு வரை ஆலோசனை. ஆலோசனை தந்தவர்கள் மருத்துவர்கள் அல்ல. பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதத்தினர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். மற்றவர்களில் 26 சதவீதம். 2017ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவுகள் வந்தன.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. பட்டம் இல்லாதவர் உதவவே முடியாது என்பது சரியல்ல. நீண்ட தொகுப்புக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால்தான் மாற்றம் வரும் என்பதும் சரியல்ல. அவர்களுக்கு அதிகபட்சம் நான்கு அமர்வுதான். ஒன்றை மறக்கக் கூடாது. அந்த ஆலோசகர்களுக்கு வகுத்த பாடத்திட்டம் இருந்தது, மேற்பார்வை இருந்தது. ஆலோசனை பெற்றவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் மூன்று மாதத்தில் மீளவில்லை. மீளாதவர்களுக்கு அடுத்த கட்டம் என்ன என்று தெரிந்த ஆள் வேண்டும்.

கோச்சிங்கின் பலவீனமும் இங்கேதான். மனநல மருத்துவர் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கோச் என்று பலகை மாட்ட இந்தியாவில் எந்தப் பதிவும் தேவையில்லை. தான் குடியை விட்ட கதையே பலருக்கு ஒரே தகுதி. அந்தக் கதைக்கு மதிப்பு உண்டு. ஆனால் தன்னைக் காப்பாற்றிய வழியே எல்லோரையும் காப்பாற்றும் என்று நம்புகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஆகவே இலவச அறிமுக அழைப்பில் நீங்கள்தான் கேள்வி கேட்க வேண்டும். "உங்களிடம் வருபவருக்குக் காலையில் கை நடுங்கினால் என்ன செய்வீர்கள்?" உடனே மருத்துவரிடம் அனுப்புவேன் என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அழைப்பைத் துண்டித்துவிடலாம். யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று கேளுங்கள். நான்கு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் என்ன செய்வார் என்று கேளுங்கள். அமர்வுக்கு அமர்வு பணம் கட்ட முடியுமா என்று கேளுங்கள். முடியாது, மொத்தமாகத்தான் என்றால், எனக்கு அது நல்ல அறிகுறியாகப் படவில்லை.

மொழியையும் யோசியுங்கள். இந்தச் சேவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. அலுவலகத்தில் நாள் முழுதும் ஆங்கிலம் பேசுகிறவர்தான். ஆனால் அப்பா குடித்துவிட்டு வந்த இரவுகளையும் அம்மா கதவைத் திறக்காமல் நின்றதையும் அவர் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்ததே இல்லை. சொன்னாலும் அது அறிக்கை வாசிப்பது போல ஆகிவிடுகிறது. தமிழில் பேசக்கூடிய ஒருவர் சற்றுக் குறைந்த தகுதியோடு கிடைத்தாலும் அவரை இரண்டாம் இடத்தில் வைக்க மாட்டேன்.

அந்த வகையில் கவுன்சலருக்கு ஒரு படி அதிக மதிப்பெண் தருகிறேன். குடிக்குக் கீழே மனச்சோர்வோ, பதற்றமோ, நாள்பட்ட தூக்கமின்மையோ இருந்தால் கோச்சைத் தாண்டி நேராகக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடமோ மனநல மருத்துவரிடமோ போய்விடுங்கள். கட்டணம் அமர்வுக்குத்தான், நிறுத்துவதும் எளிது. பல நிறுவனங்களில் பணியாளர் உதவித் திட்டம் என்ற பெயரில் சில அமர்வுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மேலாளருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில்தான் பலர் அதைத் தொடுவதில்லை. இந்தச் சேவையை வழக்கமாக வெளி நிறுவனம்தான் நடத்தும், பெயர் நிறுவனத்துக்குப் போகாது. சந்தேகம் இருந்தால் முதல் அழைப்பிலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம்.

ஏ.ஏ. வேறு வகை. 1935ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்கு வணிகரும் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவரும் சேர்ந்து தொடங்கியது. கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது, முழுப் பெயரும் கேட்க மாட்டார்கள். பெங்களூரில் ஆங்கிலம், கன்னடம், தமிழ் மூன்றிலும் கூட்டங்கள் நடக்கின்றன. மாலையில் தேவாலய வளாகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் தேநீர்க் கேன். ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி" என்கிறார்; அறை முழுதும் வணக்கம் சொல்கிறது. ஆட்டோ ஓட்டுபவர், ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஊழியர், மென்பொருள் துறைக்காரர் மூவரும் அடுத்தடுத்த நாற்காலியில் இருப்பார்கள். பேச்சை யாரும் இடைமறிப்பதில்லை, அறிவுரையும் சொல்வதில்லை. சுத்தமான தமிழும் தேவையில்லை. கோலார் தங்கவயல் தமிழும் சிவாஜி நகர் தமிழும் அங்கே ஒன்றுபோல ஓடும். குடும்பத்தினரும் வரக்கூடிய திறந்த கூட்டங்களும் உண்டு. குடிப்பவரின் மனைவிக்கும் பெற்றோருக்கும் அல்-அனான் என்ற தனிக் கூட்டமும் இருக்கிறது.

பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் ஏ.ஏ.வும் அதை ஒட்டிய சிகிச்சையும் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலான பலன் தருவதைக் காட்டியது. ஆனால் அங்கே இலக்கு ஒன்றே ஒன்று: இன்று குடிக்காமல் இருப்பது. குறைத்துக்கொள்ள நினைப்பவருக்கு அந்த அறை பொருந்தாது. கடவுள் பற்றிய பேச்சு சிலரை விலக்கும். தமிழ்க் கூட்டங்களில் பெண்கள் மிகக் குறைவு. தனியாக உள்ளே நுழையும் ஒரு பெண்ணுக்கு எத்தனை கண்கள் திரும்பும் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு ஆன்லைன் கூட்டமோ கோச்சோ கவுன்சலரோ உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் விட்டே ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட ஆணுக்கு, பல ஆயிரம் ரூபாய்த் தொகுப்பை வாங்கும் முன் ஆறு தமிழ்க் கூட்டங்களுக்காவது போய்ப் பாருங்கள் என்றே சொல்வேன்.

மருத்துவமனை என்றதும் ஓசூர் சாலை நிம்ஹான்ஸைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "அங்கே போனால் பைத்தியம் என்று பேர் வந்துவிடும்" என்பது நம் வீடுகளில் கேட்டுப் பழகிய பேச்சு. அங்குள்ள போதைநோய் மருத்துவ மையத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நடந்து வந்து, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கி அன்றே வீடு திரும்புகிறவர்கள். தனியார் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாத செலவு. கோரமங்கலா செயின்ட் ஜான்ஸ் போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. குறை என்றால் கூட்டமும் காத்திருப்பும்தான். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போவது நல்லது.

மருத்துவரிடம் மட்டுமே கிடைப்பது மருந்து. குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், விட்ட பிறகு மனதை நிலைப்படுத்த உதவும் அகாம்ப்ரோசேட், குடித்தால் உடம்பு முழுக்கச் சிவந்து வாந்தி வரவைக்கும் டைசல்ஃபிரம் என்று பல வகை. ஈரல், சிறுநீரகம், வேறு மாத்திரைகள் எல்லாம் பார்த்துத்தான் தருவார்கள். 'குடிப்பவருக்குத் தெரியாமலே உணவில் கலந்து கொடுக்கலாம்' என்று சுவரொட்டி ஒட்டி விற்கும் பொடிகளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். உள்ளே டைசல்ஃபிரம் இருந்து, அவர் அது தெரியாமல் குடித்துவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு மையங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையைப் படிக்கும் பெரும்பாலோருக்கு அது தேவைப்படாது. தேவைப்பட்டால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி அந்த மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சங்கிலியில் கட்டுவது சட்டப்படி குற்றம். இரவில் வண்டியோடு வந்து ஆளைத் தூக்கிப்போகிறோம் என்று சொல்லும் மையத்தை நம்பாதீர்கள். முழுக்கத் தமிழில் சிகிச்சை வேண்டுமென்றால், சாந்தி ரங்கநாதன் 1980ல் தொடங்கிய சென்னை டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது; குடும்பத்தினரையும் சேர்த்தே அங்கே சிகிச்சை தருகிறார்கள். மெடிக்கல் இன்சூரன்ஸை நம்பிச் சேர வேண்டாம். குடிநோய்ச் சிகிச்சை பல பாலிசிகளின் விலக்குப் பட்டியலிலேயே இருக்கிறது.

யாரும் வேண்டாம், நானே விட்டுவிடுவேன் என்பவர்களுக்கு நம்மிடம் ஒரு பழைய வழி இருக்கிறது. கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டு 41 நாள் தொடாமல் இருப்பவர்களை அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தெருத்தெருவாகப் பார்க்கலாம். ஃப்ரேசர் டவுன் பக்கம் தவக்காலத்தில் நாற்பது நாள் விடுகிறார்கள். இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஊரே துணை நிற்கும் காலம் அது. யாரும் ஊற்றிக் கொடுக்க மாட்டார்கள், மறுத்தால் காரணம் கேட்க மாட்டார்கள். சபரிமலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய அன்று இரவுதான் சிக்கல். 41 நாள் இருக்க முடிந்தது, 42ஆம் நாள் ஏன் முடியவில்லை? நிறுத்துவதில் அவருக்குத் தடையில்லை, தொடர்வதற்கு ஆள் இல்லை என்பதுதான் அதன் பொருள். கோச்சுக்குப் பணம் கட்டுவது எங்காவது பொருந்தும் என்றால் இங்கேதான். மாலை கழற்றுவதற்கு இரண்டு வாரம் முன்பு தொடங்கி, அடுத்த இரண்டு மாதத்தை அவரோடு சேர்ந்து கடந்தால் கொடுத்த காசுக்குப் பலன் இருக்கும். மாறாக, மாலை போட்ட இரண்டாம் நாளே நடுங்கினால் அதை விரதக் கஷ்டம் என்று பொறுத்துக்கொள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஆக என் வரிசை இது. நடுக்கம் இருந்தாலோ ஆடிட் 20ஐத் தொட்டாலோ முதலில் மருத்துவமனை, பிறகு ஏ.ஏ. அல்லது கவுன்சலர், கோச் தேவையென்றால் கடைசியில். 8 முதல் 19க்குள் என்றால் நிறுவனம் தரும் இலவசக் கவுன்சலிங்கை நான்கு அமர்வு முயன்று பார்த்துவிட்டு, போதவில்லை என்றால் மேலே சொன்ன கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லும் கோச். மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ கூடவே இருந்தால் மதிப்பெண்ணைப் பார்க்காமல் மனநல மருத்துவர். கணவருக்காக மனைவி பணம் கட்டி ஏற்பாடு செய்யும் கோச்சிங்குக்கு நான் ஆதரவாக இல்லை. அவராக வராதவரை அந்த அழைப்பு அணைத்த கேமராவோடுதான் ஓடும். அந்தப் பணத்தை விட்டுவிட்டு அந்த அம்மா முதலில் அல்-அனான் கூட்டத்துக்குப் போகட்டும்.

எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் 14416 என்ற டெலி-மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்; போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு. இரண்டும் இலவசம். யாரிடம் போனாலும் முதல் சந்திப்புக்கு ஒரு தாள் எழுதிக்கொண்டு போங்கள். கடந்த ஏழு நாளில் எந்த நாள் எத்தனை மில்லி, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ வலிக்கோ சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா என்ற விவரம். அதோடு, அலுவலக வருடாந்தரப் பரிசோதனையில் எடுத்த ஈரல் இரத்தப் பரிசோதனை அறிக்கை வீட்டில் எங்காவது இருக்கும். அதையும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.